தேயிலைக்குள் ஐந்து விரல்

லோகேஸ்வரி பஸ் நிறுத்தத்தில் தன் பெட்டியின்மேல் உட்கார்ந்திருந்தாள். விடிந்தும் விடியாத நேரம். மூடுபனி ரோட்டை மறைத்திருந்தது. முதலில் என் கண்ணில் பட்டது சிவப்புப் பெட்டிதான். அதன்மேல் ஆள் இருப்பது கிட்டப் போன பிறகுதான் தெரிந்தது.

பெஞ்சு நனைந்திருந்தது. அதனால் நான் நின்றுகொண்டேன். பிளாஸ்கில் இஞ்சி போட்ட தேத்தண்ணி கொண்டுபோயிருந்தேன். மூடியில் ஊற்றி நீட்டினேன். வாங்கிக்கொண்டாள், குடிக்கவில்லை. கை சூட்டுக்காகப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"யாரு பாக்கியக்கா சொன்னா, நான் இங்க இருக்கேன்னு?"

"யாரும் சொல்லல. கட்டில்ல ஆள் இல்ல. இந்த மலையில காலங்காத்தால ஒரு புள்ளையக் காணோம்னா ஒன்னு பாத்ரூம்ல அழுவும், இல்லன்னா இங்க உக்காந்திருக்கும். பாத்ரூமைப் பாத்துட்டுதான் வரேன்."

"என்னைத் திருப்பிக் கூட்டிட்டுப் போக வந்தீங்களா?"

"தேத்தண்ணி குடுக்க வந்தேன். பசியாறாம பஸ் ஏறினா அந்த வளைவுல வாந்தி வரும்."

நான் சொன்னது பொய்யில்லை. அந்த வருஷம் அவளுக்கு முன்பே இரண்டு பிள்ளைகளை அதே நிறுத்தத்தில் நின்று பேசித் திருப்பியிருந்தேன். மூன்றாவது முறை பேச என்னிடம் பேச்சு மிச்சமில்லை. முழங்கால் வேறு குளிரில் வலித்தது.

ஆனால் அவளிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருந்தது. அது அவள் போவதைப் பற்றியும் இல்லை, இருப்பதைப் பற்றியும் இல்லை. அதைச் சொல்வதற்கு முன் அந்த இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன்.

மலைமேல் ஒரு கல்லூரி

போன வாரம் இந்தப் பத்தியை ஜொகூரில் பாத்திரம் கழுவிய கதையோடு நிறுத்தியிருந்தேன். அங்கிருந்து கிளம்பியபோது எனக்குப் போக இடம் எதுவும் இருக்கவில்லை. கேமரன் மலை மட்டும் பழக்கம். முன்பு கோலா தெர்லாவில் காய்கறி கட்டியிருக்கிறேன். லெம்பா பெர்த்தாமில் தக்காளித் தோட்டத்தில் இருந்தபோதுதான் அந்தச் சேற்று வெள்ளம் வந்தது. என் அறையில் இடுப்பளவுக்கு நின்றது. சேறு வடிந்ததும் ஒரு சட்டியையும் போர்வையையும் கழுவி எடுத்துக்கொண்டு மலையை விட்டு இறங்கினேன். அப்படி இறங்கிய மலைக்கே மறுபடியும் ஏறினேன். எனக்கு ஏறுவதும் இறங்குவதும் புதிதில்லை.

ஒரு தேயிலைத் தோட்டத்தின் ஓரத்தில், பழைய துரை பங்களாவில், சின்ன இசைக் கல்லூரி ஒன்று நடந்துகொண்டிருந்தது. பெயர் வேண்டாம். பாட்டு, வயலின், மிருதங்கம், நாதஸ்வரம், தவில். குளிர்ச்சியான இடத்தில் இருந்தால் பிள்ளைகள் மனம் ஒன்றிப் படிப்பார்கள் என்று அதைத் தொடங்கியவர் நினைத்தாராம். அவர் குடியிருந்தது கிள்ளானில்.

விடுதிக்குச் சமைக்க ஆள் கேட்டார்கள், போனேன். முதல் மாதத்திலேயே, முதல் வருஷப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலையும் என் தலையில் விழுந்தது. முன்பு அதைச் செய்த டீச்சர் தானே அழுதுகொண்டு ஊருக்குப் போய்விட்டார்.

நான் ஆறாம் வகுப்போடு நின்றவள். சரளி வரிசை எது, ஜண்டை வரிசை எது என்று இன்றைக்கும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியாது. எந்த ஊரிலும் இரண்டு வருஷம் தாண்டித் தங்கியதில்லை. அப்படிப்பட்டவளிடம், பிள்ளைகள் ஓடிப்போகாமல் பார்த்துக்கொள்ளும் வேலையைக் கொடுத்தார்கள். ஓடிப் பழகியவளுக்கு ஓடுகிற வழி தெரியும் என்று பிரின்சிபால் கணக்குப் போட்டிருக்கலாம். என்னிடம் அவர் அப்படி எதுவும் சொன்னதில்லை.

முதல் வாரத்துச் சளி

பிள்ளைகள் பெரும்பாலும் கீழேயிருந்து வருகிறவர்கள். தெலுக் இந்தான், சித்தியவான், பந்திங் என்று வெயில் ஊர்கள். தாப்பா ரோட்டு வளைவுகளில் வாந்தி எடுத்துக்கொண்டே ஏறுவார்கள். கூட வரும் பெற்றோர் குளிரைப் பார்த்து, "ஏர்கோன் போட்ட மாதிரி இருக்கு லா" என்று சிரித்து, படம் எடுத்துக்கொண்டு, அன்று சாயங்காலமே இறங்கிவிடுவார்கள். அதற்குப் பிறகு அந்த ஏர்கோனை யாரும் நிறுத்த முடியாது.

பாட்டுப் படிக்கும் பிள்ளைகளுக்கு முதல் வாரமே தொண்டை கட்டும். பாடத்தான் வந்தோம், பாட முடியவில்லையே என்று பயந்து போவார்கள். வயலினில் தந்தி முறுக்கும் பிருடை ஈரத்தில் ஊதி இறுகிக்கொள்ளும். பலமாகத் திருகினால் தந்தி அறும். மிருதங்கத் தோல் ஈரம் குடித்துத் தொய்ந்துவிடும். காலையில் சேர்த்த சுருதி பசியாறி முடிப்பதற்குள் இறங்கியிருக்கும்.

தங்களிடம்தான் குறை என்று பிள்ளைகள் நினைத்துக்கொள்வார்கள். ஊரில் கோயிலில் வாசித்துக் கைத்தட்டு வாங்கியவர்கள்தானே. இங்கே வந்ததும் கையும் குரலும் கருவியும் ஒரே சமயத்தில் கெட்டுப்போனால் வேறு என்ன நினைப்பார்கள்.

நான் ஆறுதல் எதுவும் சொல்வதில்லை. வந்த அன்றைக்கே ஒரு கூடை வெங்காயத்தை நடுவில் வைத்து உரிக்கச் சொல்வேன். அழ வேண்டியவர்கள் அதோடு சேர்த்து அழுதுகொள்ளலாம். யார் எதற்கு அழுகிறார்கள் என்று யாருக்கும் தெரியாது. உரித்து முடிப்பதற்குள் யார் எந்த ஊர், யாருக்கு என்ன வாத்தியம் என்று அவர்களே பேசிக்கொண்டிருப்பார்கள்.

கருவிகளுக்கு மருந்து தேயிலை ஃபேக்டரியில் இருந்தது. தேயிலை காய்கிற பெரிய அடுப்பின் சுவர் எப்போதும் சூடாக இருக்கும். அந்தச் சுவருக்கு வெளிப்பக்கம் ஒரு நீளமான பலகை அடித்துக் கொடுத்திருந்தார்கள். மிருதங்கங்களைக் கொண்டுபோய் அதில் வரிசையாகப் படுக்க வைத்துவிட்டு வருவோம். அதற்குப் பதிலாக ஆயுத பூஜை அன்று பிள்ளைகள் ஃபேக்டரிக்குள் போய் இயந்திரங்களுக்கு முன்னால் வாசிக்க வேண்டும். கல்லூரி தொடங்கியதிலிருந்து அப்படித்தான் நடந்தது. அந்த மிருதங்கங்களைத் தொட்டால் கையில் தேயிலை வாசம் அடிக்கும்.

தவில் பெண்

லோகேஸ்வரி தெலுக் இந்தான் பக்கத்துச் செம்பனைத் தோட்டத்துப் பெண். தவில் படிக்க வந்திருந்தாள். அந்த வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். அப்பா லோரி ஓட்டுகிறவர், மகள் எது கேட்டாலும் தலையாட்டுவார். அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. பெண்பிள்ளை கழுத்தில் மேளத்தை மாட்டிக்கொண்டு நிற்பதாவது என்று பேசாமலே இருந்திருக்கிறார். கடைசியில் விட்டது ஒரு நிபந்தனையின்மேல்தான்.

"போறியா, போ. ஒரு தடவை பொட்டியத் தூக்கிட்டுத் திரும்பி வந்த, அதோட சரி. கையுறை ஃபேக்டரியில உங்க சித்தி பக்கத்துல உனக்கும் ஒரு எடம் இருக்கு."

இதை அவள் வெங்காயம் உரித்த அன்றே சொல்லியிருந்தாள். அம்மா மாதிரியே இடுப்பில் கை வைத்துச் சொல்லிக் காட்டினாள். எல்லோரும் சிரித்தோம்.

தவிலைப் பற்றித் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இடது கையில் குச்சி. வலது கை விரல்களில் கூடு மாட்டிக்கொண்டு அடிக்க வேண்டும். மைதாப் பசையில் தோய்த்த துணியை விரல் கனத்துக் குச்சியில் சுற்றி, அது காய்ந்ததும் இன்னொரு சுற்று, அதுவும் காய்ந்ததும் இன்னொரு சுற்று என்று செய்வார்கள். முடிவில் மரம் மாதிரி ஆகிவிடும். பையன்கள் கடையில் வாங்கிய ஃபைபர் கூடு வைத்திருந்தார்கள். தவில் மாஸ்டர் அதையெல்லாம் வாங்கி அலமாரியில் பூட்டிவிட்டார். அவரவர் கூட்டை அவரவரே செய்ய வேண்டும், கூடு இல்லாமல் தோலைத் தொடக் கூடாது என்பது அவருடைய சட்டம்.

வெயில் ஊரில் அது சரி. இங்கே பசை எப்படிக் காயும். லோகாவின் முதல் கூடுகளில் பச்சையாகப் பூசணம் பிடித்தது. இரண்டாவது முறை செய்தவற்றை ஃபேக்டரிப் பலகையில் வைத்தாள். அந்தச் சூட்டில் அப்பளம் மாதிரி வெடித்துவிட்டன. பையன்கள் எப்படியோ அடுப்படியில் என்னைத் தாஜா செய்து, சோற்றுப் பானை மூடிமேல் வைத்துக் காயவைத்துக்கொண்டார்கள். அவள் கேட்கவில்லை. கேட்டுப் பழகாத பிள்ளை. வகுப்பில் எல்லோரும் அடிக்கும்போது அவள் மட்டும் சும்மா உட்கார்ந்திருந்தாள். மாஸ்டர் இல்லாத நேரத்தில் வெறும் விரலால் அடித்துப் பார்த்து, விரல் நுனியெல்லாம் கொப்புளம்.

அந்த நிலைமையில்தான் அவளுக்கு அந்த யோசனை வந்திருக்கிறது.

இலையோடு இலையாக

பறித்த கொழுந்தை அரைப்பதற்கு முன் வாட்ட வேண்டும். ஃபேக்டரி மாடியில் நீளநீளமான தொட்டிகள் இருக்கும். தொட்டியில் கம்பி வலை, வலைமேல் இலை. கீழேயிருந்து காற்றாடி மெதுவான சூட்டோடு காற்றை ஊதும். இலை துவண்டு வரும், காய்ந்து நொறுங்காது.

மிருதங்கம் வைக்கப் போகிற பிள்ளைகள் அதை வேடிக்கை பார்ப்பார்கள். லோகாவும் பார்த்திருக்கிறாள். பலகையில் வெடித்தது இந்த இளஞ்சூட்டில் வெடிக்காது என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. யோசனையில் தப்பில்லை. ஒருநாள் சாயங்காலம் புதிதாகச் செய்த ஐந்து கூடுகளையும் ஒரு தொட்டியின் மூலையில் இலைக்கு அடியில் சொருகி வைத்துவிட்டாள். மறுநாள் காலை இலையை வாருவதற்கு முன் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பு.

அன்றைக்கென்று பார்த்து மழையில்லை. காற்று உலர்ந்திருந்தது. இலை சீக்கிரமே வாடிவிட்டது. அந்த மாடியில் வேலை செய்த ரஃபீக் வழக்கத்துக்கு முன்பே இலையை வாரிக் குழாயில் தள்ளிவிட்டான். ரஃபீக் பங்களாதேஷ்காரன். மலாயும் பேசுவான், எங்கள் ஆட்களோடு பழகி வந்த தமிழும் பேசுவான். என் நெத்திலி சம்பலுக்காக விடுதிப் பக்கம் அடிக்கடி எட்டிப் பார்ப்பான்.

அதற்கு மேல் நடந்ததை, கீழே உருட்டு இயந்திரத்தில் நின்ற சரசக்கா எனக்குச் சொன்னபடியே எழுதுகிறேன்.

"இயந்திரம் கடகடன்னுச்சு. என்னாடான்னு கைய விட்டுப் பாக்குறேன், எலையோட வருது ஒன்னு. பசுமையும் செவப்புமா சாறு ஊறிப்போயி, வெரல் மாதிரி. நான் போட்ட சத்தத்துல இயந்திரத்தையே நிறுத்திட்டானுங்க. யாருக்கோ வெரல் போச்சுன்னு ஒரே ஓட்டம். எல்லாரையும் வரிசையா நிக்க வச்சு கையத் தூக்கச் சொன்னாங்க. பத்து பத்தா எண்றாங்க. எல்லாருக்கும் வெரலு சரியா இருக்கு. அதுக்குள்ள இன்னொன்னு வருது. பாக்கியம், எனக்குச் சின்ன வயசுலேர்ந்து எத்தனை வெரல்னு எனக்கே சந்தேகம் வந்துருச்சுடி."

தமிழர் ஒருவர் கையில் வாங்கிப் பார்த்ததும், இது தவில் கூடு என்று சொல்லிவிட்டார். அந்தக் கணம் பயம் போனது. பயம் போன இடத்தில் கோபம் வந்தது. அன்றைய இலை முழுவதும் குப்பைக்குப் போனது. இயந்திரங்களைக் கழற்றிக் கழுவினார்கள். நான்கு கூடுகள் கிடைத்தன, ஐந்தாவது கிடைக்கவே இல்லை.

தோட்டத்து மேனேஜர், துரை, வந்தார். இப்போதைய துரை தைப்பிங்கில் பிறந்து வளர்ந்த தமிழர். வயதில் சின்னவர், குரலை உயர்த்த மாட்டார். இலையைப் பார்க்காமல் வாரியது யார் என்று கேட்டார். ரஃபீக் முன்னால் வந்தான். கூடு யாருடையது, யாரை உள்ளே விட்டாய் என்று கேட்டார். தெரியாது என்று சொன்னான். அவனுக்குத் தெரியும். முந்தின நாள் லோகா படியிறங்கிப் போனதைப் பார்த்தவன் அவன்.

அன்று ராத்திரி கல்லூரியிலும் விசாரணை நடந்தது. தவில் பையன்களை நிற்க வைத்துக் கேட்டார்கள். ஆளுக்கு ஐந்து கூடு இருந்தது, காட்டினார்கள். லோகாவை யாரும் கேட்கவில்லை. அவளுக்குத்தான் கூடே சேரவில்லை என்று எல்லோருக்கும் தெரியுமே. அவளும் வாய் திறக்கவில்லை. காலையில் காலியான கட்டிலைப் பார்த்தபோதுதான் எனக்கு விளங்கியது.

மறுபடியும் நிறுத்தத்தில்

நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

"ரஃபீக்கை ஊருக்கு அனுப்பப் போறாங்களாம்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "அவரை எதுக்கு?"

"அவன்தானே வாரினான். யாரு வச்சதுன்னு அவன் சொல்லல. அப்ப அவன் தலையிலதான் விழும். இன்னிக்கிக் காலையில பெரட்டுல சொல்லப் போறாங்க."

பெரட்டு என்றால், வேலைக்குப் போகுமுன் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுப்பது. நல்லதோ கெட்டதோ, தோட்டத்தில் எந்தச் செய்தியும் அங்கேதான் எல்லோருக்கும் முன்னால் சொல்லப்படும்.

அவள் மூடியில் இருந்த தேத்தண்ணியைக் கீழே ஊற்றினாள். ஆறிப்போயிருந்தது.

"நான் பஸ்ல போய்க்கிட்டே துரைக்குப் போன் பண்ணிச் சொல்லிடறேங்க்கா."

"எந்தத் துரைக்கு? நம்பர் இருக்கா உன்கிட்ட?"

"நீங்க சொல்லுங்களேன். நீங்கதான எங்களைப் பாத்துக்கற ஆளு."

"நான் சொன்னா, ஒரு புள்ள செஞ்சுச்சு, அது ஓடிப்போச்சுன்னு சொல்லணும். ஆள் இல்லாம வெறும் பேரு மட்டும் போய் நின்னா யாரு நம்புவா? அவனைக் காப்பாத்த நாங்க கதை கட்டுறோம்பாங்க."

மேல் வளைவில் பஸ் விளக்கு தெரிந்தது. மஞ்சளாக, பனிக்குள் அசைந்து அசைந்து இறங்கியது. நான் அவளைத் தொடவில்லை, பெட்டியையும் தொடவில்லை. ஏறிவிட்டால் ஏறட்டும் என்றுதான் மனதில் ஒரு பாதி இருந்தது. எத்தனையோ பஸ்களில் நான் அப்படி ஏறியிருக்கிறேன். ஏறி உட்கார்ந்து, கண்ணாடியில் தலையைச் சாய்த்ததும் ஒரு நிம்மதி வரும். அந்த நிம்மதியை வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை.

பஸ் நின்றது. கதவு திறந்தது. டிரைவர் எங்கள் ஆள்தான், கம்பளித் தொப்பி போட்டிருந்தார்.

"ஏறும்மா. குளிருது, கதவைத் தொறந்து வச்சிருக்க முடியாது லா."

லோகா பெட்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"அடுத்த பஸ் எப்ப அங்கிள்?"

"மத்தியானம்தான்."

"அதுல வரேன்."

"அதுல நான் வர மாட்டேன், வேற ஆளு. பரவால்ல, அவனும் இதே ரோட்டுலதான் ஓட்டுவான்." கதவு மூடிக்கொண்டது.

பெட்டியை அவளே இழுத்தாள். மேட்டில் அது கல்லில் தட்டித் தட்டி வந்தது. பெரட்டுக் களம் வரை என்னிடம் கொடுக்கவில்லை.

பெரட்டு

பழைய படங்களில் பார்க்கிற மாதிரி முதுகில் கூடையோடு பெண்கள் வரிசையாக நிற்கும் பெரட்டு இப்போது இல்லை. நம் ஆட்கள் ஒரு கை எண்ணிக்கை. மற்றவர்கள் பங்களாதேஷ், நேப்பாளப் பையன்கள். கொழுந்து வெட்டும் இயந்திரங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, மழைக்கோட்டும் பூட்சுமாக நின்றார்கள். ஒரு பக்கம் ஃபேக்டரி ஆட்கள். ரஃபீக் கடைசியில் நின்றான். முகத்தில் ஒன்றும் இல்லை. இப்படி நின்று பழகியவன் முகம்.

துரை பிக்கப்பில் வந்து இறங்கி, கணக்கெழுதும் கிராணியிடம் ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார். லோகா பெட்டியை என் பக்கத்தில் விட்டுவிட்டு நேராகப் போனாள். போகிற வேகத்தைப் பார்த்து, விழுந்துவிடுவாளோ என்று நினைத்தேன்.

"சார், அந்தக் கூடு என்னோடது. நான்தான் வச்சேன். அவருக்குத் தெரியாது."

துரை அவளைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "எல்லாருக்கும் கேக்கற மாதிரி சொல்லும்மா. இவங்க எல்லாரும் நேத்து ராத்திரி வரைக்கும் இயந்திரம் கழுவினவங்க."

அவள் திரும்பினாள். தமிழில் சொன்னாள். பாதிப் பேருக்குப் புரியவில்லை. உடைந்த மலாயில் மறுபடியும் சொன்னாள்.

"இத்து சாயா புன்யா. சாயா தாரோ. ரஃபீக் தாடா சாலா."

அது என்னுடையது, நான்தான் வைத்தேன், ரஃபீக் மேல் தப்பில்லை. அவ்வளவுதான் சொன்னாள். நேப்பாளப் பையன் ஒருவன் பக்கத்தில் இருந்தவனிடம் அதை அவன் பாஷையில் சொன்னான். 

சரசக்காதான் வாயைத் திறந்தது. "ஏண்டி, தெலுக் இந்தான்ல வெயிலு காணாதா? இங்க வந்து எங்க வெரலை எண்ண வச்சிட்டியே."

முன்வரிசை சிரித்தது. ஃபேக்டரி ஆட்களில் சிரிக்காதவர்களும் இருந்தார்கள். துரை, "கையைக் காட்டு" என்றார். வலது கையை நீட்டினாள். கொப்புளங்களைப் பார்த்தார். அவர் முகம் இளகும் என்று எதிர்பார்த்தேன், இளகவில்லை.

"ரஃபீக் மாடிக்கே போகட்டும். ஆனா இனிமே காலேஜ் பிள்ளைங்க யாரும் ஃபேக்டரிக்குள்ள கால் வைக்கக் கூடாது. அந்தப் பலகையையும் எடுத்துருங்க. சாப்பிடற பொருள் செய்யற எடம் இது."

அவர் சொல்லி முடித்ததும், எந்த மலைக்கு எத்தனை பேர் என்று கிராணி வாசிக்கத் தொடங்கினார். ஆட்கள் இயந்திரங்களைத் தூக்கிக்கொண்டு கலைந்தார்கள். அவளுக்கு வாழ்க்கையிலேயே பெரிய காரியம். அவர்களுக்கு வேலை தொடங்கக் கொஞ்சம் தாமதம்.

ரஃபீக் எங்களைத் தாண்டிப் போனான். நான் நிறுத்தினேன். "தெரிஞ்சும் ஏன்டா சொல்லல?"

"சொன்னா ரெண்டு ஆளுக்குத் திட்டு. சொல்லலன்னா ஒரு ஆளுக்குத்தான்." கொஞ்சம் யோசித்துவிட்டு லோகாவைப் பார்த்தான். "ஒன்னு கெடைக்கல தங்கச்சி. யாரோ கோலாலம்பூர்ல தேத்தண்ணி போட்டா உள்ள இருந்து டும்டும்னு கேக்கும்."

அவள் சிரிக்கவில்லை. அவன் மாடிப்படி ஏறிப் போனான்.

மத்தியான பஸ்

விடுதிக்குத் திரும்பும்போது செய்தி எங்களுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது. வாசலில் மிருதங்கப் பையன்கள் நின்றார்கள். பலகை போன கோபம் அவர்கள் முகத்தில் இருந்தது. யாரும் அவளோடு பேசவில்லை. தவில் மாஸ்டர் உள்ளேயிருந்து எட்டிப் பார்த்தார். நடந்ததைக் கேட்டிருப்பார்.

"கூடு இல்லன்னா வாய் இருக்குல்ல. வந்து உக்காந்து தாளச் சொல்லைச் சொல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனார். அது கருணையா கோபமா என்று எனக்கு விளங்கவில்லை. அவர் எதைச் சொன்னாலும் அப்படித்தான் இருக்கும்.

எனக்கு அன்று கியா பார்ம் சந்தையில் காய்கறி எடுக்கிற நாள். வகுப்புக்குப் போ என்றும் அவளிடம் சொல்லவில்லை, பஸ்ஸுக்குப் போ என்றும் சொல்லவில்லை. ரெண்டில் எதைச் சொல்லியிருந்தாலும் நான் சொன்னதாக ஆகிவிடும். சிவப்புப் பெட்டியைச் சுவரோரம் நிறுத்திவிட்டு வேனில் ஏறினேன்.

கியா பார்மில் வழக்கம்போல டிராஃபிக் ஜேம். ஸ்ட்ராபெரி வாங்க வந்த கார்கள் ரோட்டின் இரண்டு பக்கமும் நின்றன. முட்டைக்கோஸ் மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து தூங்கிவிட்டேன். விழித்தபோது எதிர்ப்பக்கம் மத்தியான பஸ் எங்களைத் தாண்டி இறங்கிக்கொண்டிருந்தது. ஜன்னல்களெல்லாம் ஆவி படிந்து வெள்ளையாக இருந்தன. உள்ளே இருக்கிற முகம் ஒன்றும் தெரியவில்லை.

போயிருப்பாள் என்று எடுத்துக்கொண்டேன். வருத்தம் என்று பெரிதாக இல்லை. அந்தப் பையன்களுக்கு நடுவில் தினமும் போய் உட்காருவதைவிடக் கையுறை ஃபேக்டரி சுலபமாக இருக்கலாம். அந்தக் கட்டிலுக்கு விரிப்பு மாற்ற வேண்டும் என்று ஞாபகம் வந்தது.

வேன் வந்து நின்றபோது தூறல் போட்டுக்கொண்டிருந்தது. மூட்டையை இறக்க அடுப்படிப் பக்கம் போனேன். பின்பக்கத்துத் தாழ்வாரத்திலிருந்து பேச்சுச் சத்தம் வந்தது.

"உன்னால எங்க மிருதங்கத்துக்கெல்லாம் சளி புடிக்கப் போவுது, தெரியுமா?" கோலா தெர்லாப் பையன் ஒருவனின் குரல்.

"உன் மிருதங்கத்துக்கு என் போர்வையப் போத்திக்க. கொஞ்சம் தள்ளி நில்லு, தண்ணி சொட்டுது."

எட்டிப் பார்த்தேன். கூரைக்கு அடியில் கட்டியிருந்த கொடி முழுவதும் லோகாவின் துணி. சட்டை, சிலுவார், துப்பட்டா, ரெண்டு போர்வை, ஊருக்குப் போவதற்காகக் காலையில் உடுத்தியிருந்த நல்ல சுடிதார் எல்லாம் தொங்கின. வேறொரு பெண்ணின் சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றாள். அது அவளுக்குப் பெரிதாக இருந்தது. பெட்டி பக்கத்தில் வாயைத் திறந்து கிடந்தது, காலியாக.

"எல்லாத்தையும் துவைச்சுட்டியாடி?"

"அழுக்கா இருந்துச்சுக்கா."

"மழை விடாது. இங்க இதெல்லாம் காய மூணு நாலு நாளு ஆவும்."

அவள் ஒரு போர்வையின் நுனியைப் பிடித்து முறுக்கினாள். கொப்புளம் எரிந்திருக்க வேண்டும், உதட்டைக் கடித்துக்கொண்டாள். தண்ணீர் அவள் காலில் வழிந்தது.

"தெரியும்க்கா" என்றாள்.